வேன் வீடு வெயில் வீடாக ஆகாமலிருக்க...

மே மாசம் பிறந்தால் போதும், கிணத்துக்கடவு பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "இந்த லீவுக்கு எங்கீங்க போறீங்க?"

முன்பெல்லாம் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மதுரையைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பிவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. சொந்த வேன் வைத்திருப்பவர்கள் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பெஞ்சுக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சின்ன ஃபேன் என்று செட் பண்ணிக்கொண்டு எட்டு நாள், பத்து நாள் கிளம்பிவிடுகிறார்கள். லாட்ஜ் செலவு இல்லை, ஓட்டல் சாப்பாடு இல்லை. கேரளத்தில் 2021ஆம் வருஷம் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. பொள்ளாச்சி வட்டாரத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு வந்து நிற்கும் கேரவன்களைப் பார்த்துப் பார்த்து, 'நாமும் ஒண்ணு செஞ்சா என்ன?' என்ற ஆசை நம்மவர்களுக்கும் வந்துவிட்டது.

ஆசை நல்லதுதான். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். வண்டி என்பது இரும்புப் பெட்டி. ஓடும்போது அது வாகனம். வெயிலில் நின்றுவிட்டால் அடுப்பு!

ஆத்தாளுக்கு நேர்ந்தது

எனக்கு உறவான ஒரு குடும்பம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்துக் கிராமம், தென்னந்தோப்புக்காரர்கள். வேனை வீடு மாதிரி மாற்றினார்கள். ஏப்ரல் மாசத்தில் தோப்பிலேயே ஒரு நாள் வண்டியை நிறுத்தி ஒத்திகையும் பார்த்தார்கள். கூரை மேல் கோணிச் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். ஜன்னலில் ஈரத்துண்டு கட்டினார்கள். "உள்ளே குளுகுளுன்னு இருக்குதுங்க!" என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

பழனி, மதுரை முடிந்து மூன்றாம் நாள் ராமேஸ்வரம். 22 தீர்த்தமும் ஆட வேண்டும். ஆத்தாளுக்கு எழுபத்து நாலு வயசு. முழங்கால் வலி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. "நீங்க போயிட்டு வாங்க, நான் செத்த கண்ணசர்றேன்" என்று படுத்துக்கொண்டார். வண்டி நின்ற இடத்தில் நிழல் இல்லை. திருட்டுப் பயத்துக்காக ஜன்னல்களை இரண்டு விரற்கடை மட்டும் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஈரத்துண்டும் கட்டித்தான் வைத்தார்கள்.

நாற்பது நிமிஷம் கழித்து, மாற்றுத் துண்டு எடுக்க மருமகள் மட்டும் தற்செயலாகத் திரும்பி வந்தாள். "அத்தை, அத்தை" என்று எழுப்பினால் ஆத்தா கண்ணைத் திறக்கிறார், ஆனால் ஆளைத் தெரியவில்லை. எப்போதோ செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. "தூக்கக் கலக்கமோ?" என்று மருமகள் ஒரு நிமிஷம் தயங்கினாள். எதிர் டீக்கடைக்காரர்தான் ஓடி வந்தார். "கலக்கமில்லேம்மா, வெயில் அடிச்சிருக்கு!" என்று நிழலுக்குத் தூக்கிப் போய், குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினார். 108க்கும் போன் பண்ணினார்கள். ஆத்தா பிழைத்துக்கொண்டார். "அந்தத் துண்டை அன்னிக்கு மறக்காம எடுத்துட்டுப் போயிருந்தேன்னா..." என்று மருமகள் இன்றைக்கும் கண் கலங்குவாள்.

தோப்பில் குளுகுளுவென்று இருந்த அதே வேன், அதே ஈரத்துண்டு, ராமேஸ்வரத்தில் ஏன் கைவிட்டது? இது புரிந்தால் மற்றதெல்லாம் தானே புரிந்துவிடும்.

சூடு எப்படி ஏறுகிறது?

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் வெப்பம் விழுகிறது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு அது. சாதாரண வேன் கூரை நாலு சதுர மீட்டராவது இருக்கும். அப்படியென்றால் நாலு இஸ்திரிப் பெட்டிகளைக் கூரை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடியில் படுத்துக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள்! போதாததற்கு ஒவ்வொரு ஆளும் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறோம். ஆறு பேர் இருந்தால் 600 வாட்.

கண்ணாடி இன்னொரு கில்லாடி. சூரிய ஒளியை உள்ளே விடும். உள்ளே சூடான சீட்டும் தகடும் கக்கும் வெப்பத்தை வெளியே விடாது. வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 20 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. வெளியே 35 என்றால் உள்ளே 50ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வருவதில்லை. இது பரிசோதித்துப் பார்த்த உண்மை.

ஈரத்துண்டின் ரகசியம்

நம் உடம்பு 37 டிகிரியில் இருக்க விரும்புகிறது. வெளிச்சூடு அதைவிடக் கூடினால் உடம்புக்கு ஒரே வழி வியர்வைதான். வியர்வை வழிந்து ஒழுகினால் பயனில்லை, அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். அந்தக் காலத்து லாரிக்காரர்கள் முன்பக்கம் தொங்கவிட்டிருந்த கித்தான் தண்ணீர்ப் பையும் அப்படியே.

கிணத்துக்கடவில் மார்ச், ஏப்ரல் வெயில் வறண்ட வெயில். காற்றில் ஈரம் குறைவு. அதனால் ஈரச்சாக்கும் ஈரத்துண்டும் சீக்கிரம் உலர்ந்து, உலர்கிற வேகத்தில் குளிர்ச்சி தருகின்றன. சாயங்காலமானால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் வந்து கைகொடுக்கும்.

கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும். அங்கே துண்டும் உலராது, வியர்வையும் உலராது. மூடிய வண்டிக்குள் ஈரத்துண்டு கட்டினால் புழுக்கம்தான் கூடும். ஆத்தாளுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட ஊரில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து காப்பாற்றும். கடலோர ஊரில் நிழலும் காற்றும்தான் காப்பாற்றும். எந்த ஊரானாலும் சாத்திய வண்டி காப்பாற்றாது!

வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது?

முதலில் நிழல். பொள்ளாச்சி ரோடு நாலு வழிச் சாலையானபோது இருபுறமும் இருந்த புளியமரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ரோட்டோர நிழலை நம்பிக் கிளம்பாதீர்கள். கோயில் மரத்தடி, தோப்பு என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். காலையில் இருக்கும் நிழல் மத்தியானம் நகர்ந்துவிடும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை எங்கே நிழல் விழும் என்று பார்த்து நிறுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம்.

நிழல் கிடைக்கவே இல்லையா? முன் கண்ணாடியை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். கண்ணாடியை மறைக்கும் துணி உள்ளே இருப்பதைவிட வெளியே இருந்தால் பலன் அதிகம். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதே!

கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் உத்தமம். வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். அதற்கு மேல் வண்டி நிற்கும்போது தென்னந்தடுக்கோ வெள்ளைத் தார்ப்பாயோ விரிக்கலாம். ஆனால் தகட்டோடு ஒட்டி விரிக்காதீர்கள். அடியில் நாலு கட்டை கொடுத்து, நடுவே நாலு அங்குலம் காற்று ஓட இடம் விடுங்கள். கிளம்புவதற்கு முன் மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும். ஓடும் வண்டியில் தார்ப்பாய் பறந்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து.

காற்றுக்கு நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி வேண்டும். நிழல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒரு திறப்பும் வைத்தால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். சின்ன ஃபேனை அந்த மேல் திறப்பில் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஃபேனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது. அடுப்புக் காற்றை முகத்தில் ஊதுகிற மாதிரிதான். அந்த நேரத்தில் வண்டியை விட்டு இறங்கி மரத்தடிக்குப் போய்விட வேண்டும்.

இரும்புக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. சீக்கிரம் சூடாவது போலவே சீக்கிரம் ஆறியும்விடும். நம் காங்கிரீட் வீடுகள் பகல் சூட்டைப் பிடித்துவைத்து ராத்திரி பத்து மணிக்குக் கக்கும். வேன் கூரை அப்படியில்லை. பொழுது சாய்ந்ததும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து கொசுவலை கட்டிவிட்டால் படுக்கும் நேரத்துக்குள் வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கிவிடும். ராத்திரிக்கு வேன், பகலுக்கு மரத்தடி. இதைப் பழகிக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முடிந்தால் மலை ஏறிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அடிவாரத்தில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் மேலே போர்வை தேடுவதற்கு இதுதான் காரணம். மலை ஊர்களுக்கு இ-பாஸ் வேண்டுமா என்று மட்டும் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. போட்டுத் தூங்கலாமா?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி. வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள்! ஜெனரேட்டர் ஓடும் வண்டியிலும் இதே ஆபத்து உண்டு.

இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தரையில் சின்ன ஓட்டை இருந்தாலும் உள்ளே வந்துவிடும். ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்பும் வேண்டாம். விஷவாயு ஒரு பக்கம், சூடும் நீராவியும் இன்னொரு பக்கம். சமையலை விடிகாலையில் வெளியே மரத்தடியில் முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு வேலை என்றால் அதுவும் ஒரு சந்தோஷம்தானே!

என்ன குடிக்கலாம், என்ன சாப்பிடலாம்?

வேனில் வாழும்போது பெண்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. 'பாத்ரூமுக்கு எங்கே போறது?' என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பில் தொடங்கி மயக்கம் வரை கொண்டுபோய் விடும் பழக்கம் இது. எந்தெந்த இடத்தில் நல்ல கழிப்பறை இருக்கிறது என்று பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது வீட்டு ஆண்களின் பொறுப்பு.

பெரியவர்களுக்கு ஆளுக்கு மூன்று, நாலு லிட்டர் தண்ணீர் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

நீர் மோர், கம்மங்கூழ், நுங்கு, வெள்ளரிக்காய், தர்பூசணி எல்லாம் நல்லதே. இளநீருக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். இதய நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்களும் வெயில் காலத்துக்கு எவ்வளவு என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொம்ப வியர்த்து அசதியாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போட்டுக் கரைக்கவும். உப்பு கூடக் கூடாது.

காலையில் செய்த சாம்பார் சாதத்தை மத்தியானம் வரை சூடான வண்டியில் வைத்தால் கெட்டுப்போகும். புளிசாதம், சப்பாத்தி போலத் தாங்குவதைக் கட்டுங்கள். கறி, மீன் அந்தந்த வேளைக்கு மட்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். வயசானவர்களுக்குத் தாக உணர்ச்சி குறைவு, வியர்வையும் குறைவு. கர்ப்பிணிகள், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சில மனநோய் மாத்திரைகள் எடுப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் கூடுதல் கவனம் தேவை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்சுலினை டேஷ்போர்டில் வைத்தால் வீணாகிவிடும். மருந்து கெட்டது கண்ணுக்குத் தெரியாது, சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும். வறண்ட ஊரில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் டப்பாவில் வைத்துக் காப்பாற்றலாம். கடலோரத்தில் ஐஸ் பேக் போட்ட ஃபிளாஸ்க் வேண்டும். ஐஸ் நேராக மருந்தைத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினும் உதவாது.

களைப்பா, வெயில் தாக்கா?

தலை சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கொட்டுகிற வியர்வை, ஆனால் ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் அது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அரை மணியில் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

பேச்சு குழறுகிறது, ஆளைத் தெரியவில்லை, தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்ப வாதம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உயிர் போகும் நிலைமை. வியர்வை இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, மேல் துணிகளை எடுத்துவிட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு அடங்காது.

முதலில் குளிர்விக்க வேண்டும், கொண்டுபோவது அடுத்தது. அந்த டீக்கடைக்காரர் படித்தவர் இல்லை. ஆனால் செய்தது அத்தனையும் சரி!

டிரைவரையும் நினையுங்கள்

கிணத்துக்கடவு தக்காளி மார்க்கெட்டுக்கு வரும் லாரிகளைப் பாருங்கள். லோடு ஏறும் வரை டிரைவரும் கிளீனரும் கேபினிலேயே கிடப்பார்கள். நாம் பத்து நாள் படும் பாட்டை அவர்கள் வருஷம் பூராவும் படுகிறார்கள். புதிதாகத் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. பழைய லாரிகள் பழைய லாரிகள்தான். உங்கள் வீட்டு வாசலில் மணலோ தேங்காயோ இறக்க வந்தவர் நின்றால், ஒரு சொம்பு மோரும் திண்ணையில் கொஞ்சம் நிழலும் கொடுங்கள். உங்கள் டூருக்கு வரும் டிரைவருக்கும் மத்தியானத் தூக்கம் மரத்தடியிலேதான் இருக்கட்டும், வண்டிக்குள் வேண்டாம்.

கிளம்பும் முன் சரிபார்க்க

* வெள்ளைத் தார்ப்பாய், கட்டைகள், கயிறு
* ஜன்னலுக்கு வெளியே கட்டத் திரைத்துணி, கொசுவலை
* பேட்டரி ஃபேன், கை விசிறி
* மண்பானை, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், தெளிக்கத் தனியாக ஒரு குடம்
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர், மாத்திரைச் சீட்டு
* எல்லோருக்கும் வெளிர் நிறப் பருத்தி உடை
* வண்டித் தரையில் ஓட்டை இருக்கிறதா, சைலன்சர் சரியா என்று மெக்கானிக்கிடம் ஒரு பார்வை

கடைசியாக ஒன்று. குழந்தையையோ, வயசானவரையோ, நாய்க்குட்டியையோகூட, 'அஞ்சு நிமிஷத்தில் வந்துடறேன்' என்று வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வரிசை நீளும், பேச்சு நீளும், அஞ்சு நிமிஷம் அரை மணியாகும்.

எங்கள் ஆத்தா அடுத்த வருஷமும் டூர் கிளம்பினார். "ஊரு பூரா சுத்தறதுக்கு நான் ரெடிங்க. ஆனா வண்டி நின்னா, எனக்கு முந்தி கட்டில் எறங்கோணும்" என்று கண்டிஷன் போட்டார். இப்போது அந்த வேனில் ஒரு கயிற்றுக் கட்டில் நிரந்தரமாய் ஏறிவிட்டது. வண்டி நின்றதும் முதலில் கட்டில் மரத்தடிக்குப் போகும், பின்னாலேயே ஆத்தாளும் போய்விடுவார். துணைக்கு வீட்டில் யாராவது ஒருத்தர் கண்டிப்பாக உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் வேனிலும் ஒரு கட்டிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டீர்களா?